பூட்டக்காவின் சிவப்புச் சீலை

எங்கள் வீட்டுப் படலையை நாங்கள் பூட்டுவதில்லை. ஆடு வந்தால் துரத்துவோம், ஆள் வந்தால் உள்ளே வரச் சொல்வோம், அவ்வளவுதான். அப்படியிருந்தும் சில நாட்களில் நான் கிணற்றடியிலிருந்து வரும்போது படலையில் கொளுக்கி மாட்டியிருக்கும். குசினிக்குள் போனால் சீனிப் போத்தலின் மூடி இறுகியிருக்கும். உப்புச் சட்டிக்கு மேல் ஒரு தட்டுக் கவிழ்ந்திருக்கும். மண்ணெண்ணெய்க் கானைத் திறக்க இவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். பூட்டக்கா வந்து, என்னைக் காணாமல் திரும்பிப் போயிருக்கிறார் என்று அப்போது விளங்கிக்கொள்வேன். இவர் என்றால் என் கணவர். அவரை எழுத்தில் வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பூட்டக்கா என்பதும் அவருடைய பெயரல்ல. கதவை மூடு என்று எங்கள் பக்கத்தில் சொல்லமாட்டோம், பூட்டு என்றுதான் சொல்வோம். திறந்து கிடக்கிற எதைக் கண்டாலும் அவருடைய கை சும்மா இராது. கலியாண வீட்டில் சோற்றுக் கிடாரத்தை மூடுவார். கோயில் வாசலில் கால் கழுவுகிற பைப்பை, ஆள் கழுவிக்கொண்டிருக்கும்போதே பூட்டுவார். பஸ்ஸில் முன் சீற்றில் இருந்தவளின் கைப்பை திறந்திருக்கிறதே என்று சிப்பை இழுத்துவிட்டு, கள்ளி என்று பெயர் வாங்கப் பார்த்ததும் உண்டு. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்ர பேரை ஏன் பிள்ளை இப்பிடித் திறந்து போட்டிருக்கிறாய்?" என்று கேட்கிற ஆள் அவர்.

ஒருமுறை நான் டவுனுக்குப் போயிருந்த நேரம், இவர் கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பூட்டக்கா ஏதோ அலுவலாக வந்தவர், குசினிக் கதவு ஆவென்று கிடப்பதைக் கண்டு உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டுவிட்டு, முன்கதவில் தொங்கிய ஆமைப்பூட்டையும் அமத்திவிட்டுப் போய்விட்டார். திறப்பு என் கைப்பையில் இருந்தது. நான் பஸ்ஸால் இறங்கி வரும்வரை இவர் ஈரச் சாரத்தோடு மாமரத்தின் கீழ் நின்றார். போய்க் கேட்டதற்கு அக்கா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "கதவைத் திறந்து போட்டிட்டுக் குளிக்கிற ஆம்பிளைக்கு அந்தத் தண்டனை காணும்" என்றார்.

எங்கள் வயல் தம்பலகாமத்துப் பக்கம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வந்து மேல் வயலில் ஏறும். அங்கிருந்து அடுத்த வயல், அதற்கடுத்த வயல் என்று இறங்கி, கடைசியில் வடிச்சல் வாய்க்காலில் விழும். வடிச்சல் ஆற்றில் விழும், ஆறு குடாவில் விழும். ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குத் தண்ணீர் போக வரம்பில் வெட்டிவிடுகிற வாயை வக்கடை என்போம். எங்களுக்கு மேல் வயல், கிண்ணியாவிலிருந்து வந்து செய்கிற முஸ்லிம் பெரியவருடையது, அவரைக் காக்கா என்போம். நடுவில் நாங்கள். எங்களுக்குக் கீழே, வட்டை என்கிற இந்த வயல்வெளியிலேயே பள்ளமான கடைசி வயல் பூட்டக்காவுடையது. அவருடைய கீழ் வரம்பில் ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகையைத் தூக்கினால் எங்கள் எல்லோருடைய தண்ணீரும் வடிச்சலுக்குப் போய்விடும்.

அந்த ஆறு விழுகிற குடாக்கரையில்தான் நான் பிறந்தேன். என் அண்ணன் இப்போதும் ஆற்றுவாயில் நண்டுக்கூடு வைக்கிறவர். கரையில் பிறந்து வயலுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். தண்ணீர் போகிற வழியிலேயே இரண்டு வீட்டையும் வைத்துக்கொண்டவள் என்றும் சொல்லலாம். அது எவ்வளவு பொல்லாத இடம் என்பது ஒரு சிறுபோகத்தில், அதாவது கோடை வெள்ளாமையில், தெரிந்தது.

புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்தை எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்பார்கள். அந்தப் போகத்தில் எல்லோரும் எண்ணெய் அடித்து, வழக்கம்போல மறுநாளே வக்கடையைத் திறந்து, பழைய தண்ணீரைக் கழித்துப் புதுத் தண்ணீர் எடுத்தார்கள். அடுத்த கிழமை அண்ணன் ஒரு சாக்கோடு வந்து படலையில் நின்றார். சாக்கின் வாயை விரித்துக் காட்டினார். உள்ளே நண்டுகள் காலை மடித்துக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

"கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. ஆத்துவாய் முழுக்க மீன் மிதக்குது. என்னத்தை அடிச்சனீங்கள் மச்சான்?" என்று இவரைக் கேட்டார்.

"எங்கட வயலால மட்டுமோ தண்ணி வருது? மேல எத்தினை வயல் இருக்கு?" என்றார் இவர்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறியள். அப்ப ஆரின்ர தண்ணி என்ர கூட்டுக்க வந்தது?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

நான் நடுவில் புகுந்து, "உள்ளுக்க வாங்கோ அண்ணன், தேத்தண்ணி ஊத்துறன்" என்றேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே, "வேண்டாம் தங்கச்சி. இனி இந்த வீட்டில நான் கை நனைக்க மாட்டன்" என்றார். என் அண்ணன் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அந்தச் சொல் எனக்கு அப்படிச் சுட்டது.

பூட்டக்கா அந்த நேரம் தன் படலையில் நின்றிருக்கிறார். அண்ணன் சாக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனபின் வந்தார். குந்தியிருந்து நண்டுகளைப் பார்த்தார். பிறகு சாக்கின் வாயைச் சுருட்டி, கயிற்றால் கட்டினார். அவர் ஒன்றை மெதுவாகப் பூட்டுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அண்ணன் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக் குடிப்பவர். எங்கள் வீட்டில் வேறு யாரும் பனங்கட்டி தொடமாட்டோம். என்றைக்காவது உள்ளே வருவார் என்ற நினைப்பில், அவருடைய பனங்கட்டிப் போத்தலை மட்டும் நான் நிரப்பியே வைத்திருந்தேன்.

அடுத்த போகத்துக்கான கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. விவசாயப் போதனாசிரியர் வந்திருந்தார், நல்ல மனுசன். எண்ணெய் அடித்தாலும் யூரியா எறிந்தாலும் சில நாளைக்கு வக்கடையைத் திறக்காதீர்கள், மருந்தும் உரமும் வயலுக்குள்ளேயே வேலை செய்யட்டும், எண்ணெய் அடிக்கிற முதுகு டாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள் என்று விளக்கமாகச் சொன்னார். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுப் போத்தலைத் திறந்தபடி மேசையில் வைத்தார். பூட்டக்கா எழும்பிப் போய் மூடியைத் திருகிவிட்டு வந்து இருந்தார். அந்த மனுசன் சொல்லிக்கொண்டிருந்ததை மறந்துபோய் நின்றார்.

நாங்கள் எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் வட்டையை யாரும் வெல்ல ஏலாது. பிறகு தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை வேலைக்கு ஆளைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தது. எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிற வேலை அது. ஆம்பிளைகள் ஒருவரையொருவர் கையைக் காட்டினார்கள். பின்வரிசையில் யாரோ பகிடிக்கு, "பூட்டக்காவை விடுங்கோவன், ஒரு சொட்டுத் தண்ணி வீணாகாது" என்றான். மண்டபமே சிரித்தது. அக்கா சிரிக்காமல், "ஓம், நான் செய்யிறன்" என்றார்.

வீட்டுக்குப் போனவர் அலுமாரியிலிருந்து ஒரு சிவப்புச் சீலையை எடுத்துக் கிழித்தார். பழையதுதான், ஆனால் கிழிகிற அளவுக்குப் பழையதல்ல. யாருடைய வயலில் எண்ணெய் அடித்தாலும் உரம் எறிந்தாலும் அன்றைக்கே அந்த வக்கடையை மண் போட்டு அடைத்து, ஒரு கம்பு நட்டு, அதில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார். துண்டு நிற்கும்வரை அந்த வக்கடையை யாரும் தொடக்கூடாது. நாள் முடிந்ததும் தானே வந்து அவிழ்ப்பார். கட்டுவதும் அவர் கை, அவிழ்ப்பதும் அவர் கை. அதில் யாருக்கும் பங்கு கொடுக்கமாட்டார்.

முறுமுறுத்தவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வரிசையில நிண்டு, தள்ளுப்பட்டு வாங்கின யூரியா. அதை ஏன் ஆத்தில விடுறியள்? நண்டு வந்து கேட்டதோ?"

உரம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த காலம் அது. அதனால் அந்தப் பேச்சு எடுபட்டது. நண்டுக்காக இல்லாவிட்டாலும் யூரியாவுக்காகச் சனம் வக்கடையைத் தொடாமல் விட்டது.

இவர்தான் கடைசிவரை மசியவில்லை. எண்ணெய் அடித்து முடித்த கையோடு டாங்கியை வாய்க்காலில் முக்கிக் கழுவுவது இவருடைய பழக்கம். தகப்பன் கழுவினார், தானும் கழுவுகிறார். ஒருநாள் இவர் மூடியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு டாங்கியைத் தூக்கும்போது, எதிர்க்கரையால் வந்த பூட்டக்கா மூடியை எடுத்துக் கொண்டு போய்விட்டார். மூடி இல்லாத டாங்கியை முதுகில் போட்டால் எண்ணெய் முதுகில்தான் ஓடும். இவருக்குப் போய்க் கேட்க ரோசம். என்னைத்தான் அனுப்பினார்.

"மூடியைத் தாங்கோ அக்கா. அவர் சாப்பிடாமல் இருக்கிறார்."

"சாப்பிடச் சொல்லு. தம்பி டாங்கியை எங்க கழுவுவாராம்?"

"வயலுக்குள்ளதான் கழுவுவாராம்." அப்படி இவர் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அதை அவரையே வந்து சொல்லச் சொல்லு பிள்ளை. நீ சொன்னால் நீதான் கழுவ வேண்டி வரும்."

இவர் போனார். என்ன சொன்னாரோ தெரியாது. மூடியோடு திரும்பி வந்து, அன்றிலிருந்து டாங்கியை வயலுக்குள்ளேயே கழுவினார். கழுவும்போது அக்காவை ஏசிக்கொண்டே கழுவுவார். அந்த ஏச்சு இல்லாவிட்டால் டாங்கி சுத்தமாகாது என்று நான் சொல்வேன்.

பூட்டக்காவைப் பற்றி எனக்கு வரிசையாக ஒன்றும் தெரியாது. இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டுத் தன் காணிக்குத் திரும்பி வந்தவர். ஒரு மகள், சாம்பல்தீவில் கலியாணம் முடித்திருந்தாள். புருசனைப் பற்றி ஒருமுறை வாய்தவறிக் கேட்டேன். "அந்தக் கதையைப் பூட்டு பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் வாய் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திறக்கவில்லை.

அவர் பிழையே விடாதவர் என்று நான் சொல்லவரவில்லை. பெரிய பிழை ஒன்று விட்டார். ஆளாளுக்கு வேறுவேறு நாளில் எண்ணெய் அடித்தால் எந்த நேரமும் எங்காவது ஒரு சிவப்புத் துண்டு நிற்கும், அதற்குக் கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் கிடையாது. இதனால் சண்டை வந்தது. அடுத்த சிறுபோகத்தில் அக்கா எல்லோரையும் ஒரே கிழமையில் எண்ணெயும் உரமும் போட்டு முடிக்கச் சொன்னார். நல்ல யோசனைதான். சிறுபோகத்தில் எங்கள் பக்கம் மழை பெய்வதில்லை என்று குழந்தைக்கும் தெரியும். வட்டை முழுவதும் வக்கடைகள் அடைத்து, சிவப்புத் துண்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கிழமையில்தான் பின்னேரம் ஒன்று கறுத்து வந்து, வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது.

மறுநாள் காலை வயலைப் போய்ப் பார்த்தோம். சின்னப் பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. சிலருக்கு அதுவும் தெரியவில்லை. எங்களுக்கு அந்த வயலை விட்டால் வேறொன்றும் இல்லை. ஆம்பிளைகள் மண்வெட்டியோடு கடைசி வயலுக்குப் போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். பூட்டக்கா பலகைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, பயிர் மூழ்கிப் போச்சு. பலகையத் தூக்கினா எல்லாருக்கும் சரி. ஒங்கட வயலுக்கும் சரிதானே" என்றார் மேல் வயல் காக்கா. அவர் தன்மையாகத்தான் கேட்டார்.

இவர் தன்மையாகக் கேட்கவில்லை. "ரெண்டு நாள் கிடந்தால் அழுகிப்போகும். ஒரே கிழமையில அடிக்கச் சொன்னது நீங்கள்தானே? தூக்குங்கோ!"

"ஓம். என்ர பிழைதான்" என்றார் அக்கா.

"பிழையெண்டால் தூக்குங்கோவன்."

"தூக்கினால் குடாவுக்கு?"

எல்லோருடைய வயலிலும் போட்ட எண்ணெயும் யூரியாவும் அந்தத் தண்ணீரில்தான் நின்றது. குடாவில் என் அண்ணனின் கூடுகள் கிடந்தன. இவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். தூக்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு நிலை யாருக்கும் வரக்கூடாது.

அக்கா பலகையை விட்டு இறங்கினார். சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரம்பால் மேலே நடந்தார். காக்காவின் வக்கடையில் நின்ற துண்டை அவிழ்த்தார். பிறகு எங்களுடையதை. "வெட்டுங்கோ. தண்ணி எல்லாம் என்னட்டை வரட்டும். பலகையில மட்டும் ஆரும் கை வைக்கக்கூடாது" என்றார்.

இவர் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். "அக்கா, உங்கட பயிர்..." என்று தொடங்கினார்.

"வெட்டுங்கோ தம்பி. நிண்டு கதைக்கிற நேரமோ இது?"

வெட்டினார்கள். மேலிருந்து ஒவ்வொரு வயலாக இறங்கி வந்த தண்ணீர் கடைசி வயலில் ஏறியது. அவருடைய பயிரின் பச்சை நுனிகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின, பிறகு தண்ணீர் மட்டும் தெரிந்தது. வருசா வருசம் மண் போட்டு உயர்த்திய அவருடைய கீழ் வரம்பு நின்று பிடித்தது. அதை உயர்த்தும்போதெல்லாம், அக்கா கோட்டை கட்டுகிறா என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

எல்லோரும் போனபிறகு நான் ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போனேன். அவர் வரம்பில் இருந்து, கசிகிற இடங்களில் கையால் சேறு அப்பிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியை வார்த்ததும் முதலில் பிளாஸ்கின் மூடியைத் திருகினார். சேற்றுக் கையில் மூடி இரண்டு மூன்று தரம் வழுக்கியது. நான் அழுதுவிட்டேன்.

"ஏன் பிள்ளை அழுறாய்? நெல்லு அடுத்த போகமும் விதைக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு வயலைப் பார்க்காமல் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்.

நாள் முடிந்த பிறகுதான் பலகையைத் தூக்கினார். எங்களுடைய பயிர் தப்பியது. அவருடையது தண்ணீருக்குள்ளேயே அழுகிப்போனது. அந்தப் போகம் வட்டையில் நெல் வெட்டாத ஒரே ஆள் அவர்தான். நன்றி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய காரியத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை.

வெட்டு முடிந்ததும் வட்டவிதானைக்குக் கொடுக்கிற நெல்லை எல்லோரும் கொடுத்தார்கள். இவர் அதோடு இரண்டு மூட்டை கூடுதலாகக் கொண்டுபோய், அக்கா இல்லாத நேரம் பார்த்து அவருடைய விறாந்தையில் வைத்துவிட்டு ஓடிவந்தார். மறுநாள் காலை அந்த இரண்டு மூட்டையும் எங்கள் படலைக்குள் கிடந்தன. எப்படித் தூக்கி வந்தாரோ தெரியாது. ஒரு மூட்டையின் வாய் சரியாகத் தைக்கப்படாமல் இருந்தது. அதை நெருக்கமாகத் தைத்துத்தான் திருப்பியிருந்தார்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே போய்க் கேட்டார். "என்ர நெல்லு உங்களுக்கு ஆகாதோ அக்கா?"

"நெல்லு வேண்டாம் தம்பி. உங்கட வயலின்ர பள்ள மூலையை விடுங்கோ. அதில பன் முளைக்கட்டும். தண்ணி அதுக்குள்ளால வடிஞ்சு, நஞ்சை விட்டிட்டு இறங்கட்டும். ஒவ்வொருத்தரும் ஒரு மூலை விட்டால், ஒருத்தியின்ர வயல் மூழ்கத் தேவையில்லை."

"பன் புல்லு வளர்க்கவோ நான் வயல் வைச்சிருக்கிறன்?"

"நான் என்ன நண்டு வளர்க்கவோ வைச்சிருக்கிறன்?"

இவர் திரும்பி வந்தார். மூலையை விட்டார். காக்காவும் விட்டார். பிறகு ஒவ்வொருவராக விட்டார்கள். சிலர் ஒரு பாய் விரிக்கிற அளவு விட்டார்கள். பரவாயில்லை, பன் அதிலும் முளைத்தது.

இந்தக் கதையெல்லாம் என் வழியாகத்தான் அண்ணனுக்குப் போனது. பிறகு அவர் இடைக்கிடை சைக்கிளில் வந்து, படலைக்கு வெளியே நின்று, ஒரு பையை நீட்டுவார். உள்ளே உயிர் நண்டு பரபரக்கும். "அக்காட்டைக் குடு" என்பார். உள்ளே வாங்கோ என்றால் மாட்டேன் என்று தலையாட்டுவார். "பூட்டினது அவ. உன்ர மனுசன் பூட்டேல்லையே தங்கச்சி. அவவுக்குப் பயந்துதான் சும்மா இருக்கிறார்." இவருக்கு அது கேட்கும். கேட்காததுபோல மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருப்பார். நண்டைச் சட்டியில் கொட்டி நான் அக்காவிடம் கொடுத்தால், அவர் முதலில் மூடியைப் போட்டு, அதற்கு மேல் அம்மிக்குழவியையும் வைப்பார்.

போன சிறுபோகத்தில் எல்லா வக்கடையிலும் துண்டு கட்டி முடித்த மறுநாள், நெஞ்சுக்குள் நோகிறது என்றார். வயலுக்குப் போகும் வழியில் என் வீட்டுக் குசினிக்குள் வந்து கதிரையில் கொஞ்சம் இருந்தார். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பிய அந்த நேரத்துக்குள்ளும் சுவர்த் தட்டில் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் ஆர் பிள்ளை இப்பிடி லூசா வைக்கிறது?" என்று ஏசினார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் அக்கா இல்லை. அவரைப் போல ஒருத்தி அவ்வளவு சுருக்காகப் போவாரென்று நான் நினைத்திருக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

செத்தவீடு முடிந்தது. வயலில் சிவப்புத் துண்டுகள் அப்படியே நின்றன. அவிழ்க்க வேண்டிய நாள் எல்லோருக்கும் தெரியும். அந்த நாள் வந்தது, போனது. யாரும் அவிழ்க்கவில்லை. காக்காவின் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. அதற்குக் கீழே எங்கள் வயல் வெடிக்கத் தொடங்கியது.

காக்காவே வீடு தேடி வந்தார். "தம்பி, தெறந்துக்கங்க. என்ட வயல்ல தண்ணி சும்மா நிக்கிது. ஒங்கட பயிர் வாடுது."

"கட்டினது அக்கா. நான் அவிழ்க்க மாட்டன்" என்றார் இவர்.

"அப்ப ஆரு அவுக்கிறது?"

காக்காவும் தான் அவிழ்ப்பதாகச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "பயிர் காய்ஞ்சால் அக்கா வந்து தண்ணி ஊத்துவாவோ?" என்று கத்தினேன்.

"ஊத்த மாட்டா. ஆனால் ஏசுவா" என்றார் இவர். திற, தூக்கு என்று மண்வெட்டியோடு போன மனுசன், இப்போது ஒரு முழச் சீலைத்துண்டுக்கு முன்னால் ஒன்றும் செய்ய ஏலாமல் நின்றார்.

செத்த எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்கு அண்ணன் வந்தார். அக்கா வீட்டில் எல்லாம் முடிந்தபின் எங்களோடு வரம்பால் நடந்து வந்தவர், காக்காவின் வக்கடையில் நின்றுவிட்டார். ஒரு பக்கம் தளும்புகிற தண்ணீர், மறு பக்கம் வெடித்த எங்கள் வயல், நடுவில் சிவப்புத் துண்டு.

"நாள் முடியேல்லையோ மச்சான்?" என்று கேட்டார். நண்டுச் சாக்கு வந்த அந்த நாளுக்குப் பிறகு அவர் இவரோடு பேசிய முதல் பேச்சு அது.

"எப்பவோ முடிஞ்சுது."

"பிறகேன் திறக்கேல்ல?"

"அக்காதானே அவிழ்க்கிறவ" என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "கீழ இருக்கிறவன் நான்தானே. நான் சொல்லுறன், தண்ணி வரட்டும்" என்றார். முடிச்சு அவிழவில்லை. பூட்டக்கா போட்ட முடிச்சு எப்படிச் சுலபமாக அவிழும்? பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். இவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கி அடைப்பை வெட்டினார். தண்ணீர் எங்கள் வயலுக்குள் இறங்கி, வெடிப்பு வெடிப்பாகப் புகுந்தது. அண்ணன் துண்டைப் பிழிந்து, மடித்து, இவர் கையில் வைத்தார். "வைச்சிருங்கோ மச்சான். அடுத்த முறை நீங்கள் கட்டுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். "தங்கச்சி, தேத்தண்ணி ஊத்து" என்றார்.

நான் குசினிக்குள் ஓடினேன். தேத்தண்ணியை ஊற்றிவிட்டுப் பனங்கட்டிப் போத்தலை எடுத்தேன். அக்கா கடைசியாக வந்த நாளுக்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்கவில்லை. திருகினேன். அசையவில்லை. சீலைத் தலைப்பால் பிடித்துத் திருகினேன். அப்போதும் அசையவில்லை. போத்தலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கோப்பையில் சீனியைப் போட்டுக் கலக்கி, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பனங்கட்டி இல்லையோ?" என்றார் அண்ணன்.

"இருக்கு அண்ணன். திறக்க ஏலாமல் கிடக்கு."

அண்ணன் போத்தலை வாங்கி மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு இவரிடம் கொடுத்தார். இவரும் பார்த்தார். இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பேருக்கும் உரமான கை. ஒருவரும் திறக்கப் பார்க்கவில்லை. இவர் அதைப் பக்குவமாக மேசையில் வைத்தார். அண்ணன் சீனித் தேத்தண்ணியை அப்படியே குடித்தார்.